சக்கரம் நின்ற இடம்

என்னிடம் பழுதுபார்க்க வரும் பொருட்களில் பாதி உப்பால் செத்தவை. தூத்துக்குடியில் எலக்ட்ரானிக் கார்டு வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எடை மேடையின் கார்டு, ஐஸ் கம்பெனிக் கார்டு, துறைமுகத்துக் கிரேனின் கார்டு எதுவாக இருந்தாலும் முதலில் போவது சுவிட்சுதான். இரண்டு தகடுகள் தொட்டால் கரண்டு போகும், விலகினால் நிற்கும். சுவிட்சு என்பது அவ்வளவுதான். அந்தத் தகடுகளுக்கு நடுவில் உப்புக் காற்று புகுந்து பச்சையாகப் பூத்துவிடும். அதன்பின் தொட்டாலும் தொடாத மாதிரிதான். சுரண்டிக் கொடுப்பேன், மூன்று மாதத்தில் திரும்பி வரும். இருபது வருடமாக ஒரே துருவைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறேனோ என்று சில நாள் தோன்றும்.

அதனாலேயே காந்த சென்சார் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. மூன்று கால்கள், கொத்தமல்லி விதை அளவு உடம்பு. எதிரே காந்தம் வந்தால் உணரும், போனால் விட்டுவிடும். எதையும் தொட வேண்டியதில்லை. தொடாததால் தேய்வதில்லை, மேலே ரெசின் என்ற பிசினை ஊற்றி மூடிவிட்டால் உப்பும் கிட்டே வராது. இப்போது என் மேசைக்கு வருகிற மின்சார ஸ்கூட்டர்களின் கைப்பிடிக்குள் இருப்பதும் இதுதான். பிடியைத் திருகினால் உள்ளே காந்தம் நகர்கிறது, சென்சார் அதைப் பார்க்கிறது, வண்டி ஓடுகிறது. மனிதர்களைவிட இது எவ்வளவோ தேவலை என்று நான் நினைத்த காலம் ஒன்று இருந்தது.

டிப்ளமோ முடித்து, கிரேன் கார்டுகள் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடம் இருந்தேன். பிறகு கெட்டுப்போன கார்டைச் சரிசெய்ய வேண்டாம், புதிது மாட்டினால் போதும் என்று எல்லோரும் முடிவுசெய்துவிட்டார்கள். கம்பெனி மூடியதும் மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசை போட்டுக்கொண்டேன். கண்ணாடி நம்பர் ஏறிக்கொண்டே போகிறது. கழுத்து வலிக்கிறது. வேலை மட்டும் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்தில் எங்கள் வள்ளம் நிற்கிறது. சின்ன வள்ளம்தான், இரண்டு பேர் போவார்கள். வள்ளத்தில் ஒரு டீசல் எஞ்சின், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் அடுத்த பக்கம் கம்ப்ரசர். கம்ப்ரசர் காற்றை ஒரு சிறிய டாங்கில் அடைக்கும். டாங்கிலிருந்து நீளமான குழாய், குழாயின் மறுமுனை அவர் வாயில். எட்டு பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்தில் மணலைத் தடவிக்கொண்டே போகிற மனிதருக்கு மேலேயிருந்து வருவது அந்த ஒரு குழாய்க் காற்றுதான்.

பெல்ட் அறுந்தால் கம்ப்ரசர் நின்றுவிடும். ஆனால் எஞ்சின் நிற்காது. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும், மேலே இருப்பவருக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகவே கேட்கும். டாங்கில் மிச்சமிருக்கும் காற்று தீரும் வரைதான் கீழே இருப்பவருக்கு நேரம். அவசரமாக ஏறினால் காதும் நுரையீரலும் போகும், ஏறாமல் இருந்தால் உயிர் போகும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பகலில் நான் பயந்துகொண்டிருக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

அதற்குத்தான் குழாய் பிடிக்கிற ஆள். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கும்போது கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்களாம். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான் என்ற கணக்கு. முத்து போய்ச் சங்கு மட்டும் நிற்கிறது, கயிறு குழாயாகிவிட்டது, வழக்கம் மட்டும் மாறவில்லை. மலை ஏறினாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் கடலில் இறங்கினாலும் அதுதான். எங்கள் வள்ளத்தில் குழாய் பிடிப்பவர் என் அண்ணன்.

குழாய் பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பதல்ல. டாங்கு சின்னது என்பதால் கம்ப்ரசரின் ஒவ்வொரு அடியும் குழாயில் லேசாகத் துடிக்கும். பிடித்திருப்பவர் அந்தத் துடிப்பை விரலில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நின்றால் மூன்று முறை இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் உடனே ஏறத் தொடங்குவார். அண்ணன் பத்தொன்பது வருடம் இதைச் செய்தார். பேசிக்கொண்டே பிடிப்பார், சாப்பிட்டுக்கொண்டே பிடிப்பார், விரல் மட்டும் அந்த இடத்தில் இருக்கும்.

போன வருடம் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் என் மேசைக்கு வந்து கையூன்றி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றி என்று நினைக்கிறேன். நான் ஒரு ஸ்கூட்டர் கார்டில் ஈயம் உருக்கி வைத்துவிட்டு, சூடான அயனைத் தாங்கியில் சாய்த்திருந்தேன். கருகும் வாடை வந்தது. ஏதோ வயர் எரிகிறது என்று கார்டைத் தேடினேன். எரிந்தது வயர் இல்லை. அண்ணனின் ஆள்காட்டி விரல் அயன் மேல் கிடந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

கையைத் தட்டிவிட்டேன். அவர் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. முகத்தில் வலி இல்லை, வெட்கம்தான் இருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். விரல் மரத்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டது என்று தெரியாது.

“எத்தன நாளாண்ணே?”

“கிறிஸ்மசுக்கு முன்ன இருந்து. மாப்பிள்ளைட்ட சொல்லிராதளா.”

கிறிஸ்மஸ் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நான்கு மாதமாக என் வீட்டுக்காரரின் மூச்சு, உணர்ச்சியில்லாத ஒரு கையில் இருந்திருக்கிறது. சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் வள்ளத்தை விட்டு இறங்க வேண்டும், இறங்கினால் அவருக்கு வேறு வேலை தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்தேன். இரண்டையும் நினைத்து நினைத்து அலுத்துப்போய், பேச வேண்டியதைப் பேசுவதற்குப் பதிலாக ஒரு கார்டு செய்ய உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

யோசனை சுலபம். கம்ப்ரசர் சக்கரத்தில் ஒரு பட்டன் காந்தத்தை ஒட்ட வேண்டும். எதிரே விரற்கடை இடைவெளியில் சென்சார் இருக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் காந்தம் சென்சாரைக் கடந்து போகும், சென்சார் ‘ஆம்’ என்று சொல்லும். ‘ஆம்’ வந்துகொண்டிருக்கும்வரை பச்சை விளக்கு. நாலு நொடிக்கு மேல் வராவிட்டால் விளக்கு அணைந்து, எஞ்சின் சத்தத்தையும் மீறிப் பஸ்ஸர் கத்தும். முதலில் கண்ணாடிக் குழலுக்குள் தகடு வைத்த ரீட் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் அதிர்வில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. பிறகுதான் மூன்று கால் சென்சாரைப் போட்டு, மொத்தத்தையும் ரெசினில் முக்கி, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி ஆக்கினேன். பெல்ட்டுக்கு நல்லது என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய் இல்லை, முழுசாக உண்மையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை வள்ளம் கரை சேர்ந்ததும் போய் மாட்டினேன். சக்கரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. சென்சாரைச் சட்டத்தில் முடுக்கி, அதற்கு நேர் எதிரே சக்கரத்தில் எந்த இடம் இருந்ததோ அந்த இடத்தைத் துடைத்துக் காந்தத்தை ஒட்டினேன். நிற்கிற சக்கரத்தில் நேர் பார்த்து ஒட்டுவதுதான் வசதி, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பசை காய ஒரு மணி நேரம் விட்டோம். அதற்குள் வீட்டுக்காரர் டாங்கில் இருந்த காற்றைத் திறந்துவிட்டு, தண்ணீர் வடித்துக் கழுவினார். பிறகு டாங்கின் திருகை மூடாமலே எஞ்சினை ஓட்டி, ஒரு கட்டையால் பெல்ட்டைத் தட்டிவிட்டார். சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணினேன். பெட்டி கத்தியது. பக்கத்து வள்ளத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அதோடு விட்டுவிட்டேன். இன்னொரு முறை செய்து பார்த்திருந்தால்கூட அதிலிருந்த குறை தெரிந்திருக்காது, டாங்கு காலிதானே. ஆனாலும் ஒரு முறையோடு விட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கம்பெனியில் இருந்தபோது இப்படிச் செய்திருந்தால் கார்டை என் முகத்தில் எறிந்திருப்பார்கள்.

“இனிமே மச்சான் காலை நீட்டிப் படுத்துப் பாட்டுக் கேக்கலாம்” என்று வீட்டுக்காரர் கேலி பண்ணினார். அண்ணன் சிரித்தார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டி எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வள்ளம் போன பிறகு, அவர் கடலில் இறங்குகிற பத்து மணிக்கு மேல், போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், அவர் கூப்பிடும்வரை அது நிற்காது. அந்தப் பழக்கம் நின்றது. பகலில் தூங்கினேன். மேசையில் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே பெல்ட் அறுந்தது. நான் கரையில் கேட்டதைத்தான் சொல்கிறேன். அவர் அடியில் இருந்தார். குழாய் மூன்று முறை இழுபட்டது. சங்குப் பையை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினார். பாதி வழியில் காற்று மெலிந்துபோய், கடைசி இரண்டு பாகத்தை மூச்சில்லாமல் ஏறினார். வள்ளத்து விளிம்பைப் பிடிக்கும்போது மூக்கிலும் ஒரு காதிலும் ரத்தம். அண்ணன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார். கரைக்கு வந்ததும் எல்லோரும் கூடி, எப்படித் தெரிந்தது என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டி கத்தியது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வருவதற்குள் திரேஸ்புரம் முழுக்க என் பெட்டிதான் பேச்சு. ஆஸ்பத்திரியில் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், வந்தவர்களிடமெல்லாம் “எம் பொண்டாட்டி செஞ்சது” என்று சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசியது அதுதான் முதல். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்று வள்ளம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி வீட்டுக்கே வந்து மூன்று பெட்டி கேட்டார். அவருடைய வள்ளங்கள் பெரியவை, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் குளிப்பார்கள், மேலே இரண்டு பேர் குழாய் பிடிப்பார்கள். முதல் இரண்டு வள்ளத்திலும் பெட்டி மாட்டிய மறுநாளே மேலே ஒரு ஆளைக் குறைத்துவிட்டார். காவலுக்குத்தான் பெட்டி இருக்கிறதே, ஒருத்தன் சங்கு கழுவிச் சமையலையும் பார்த்துக்கொள்வான் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது வள்ளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை, வள்ளங்கள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. வழக்கம்போல நிற்கிற சக்கரத்தில் நேர் பார்த்துக் காந்தத்தை ஒட்டினேன். காய்ந்ததும் பேட்டரி வயரைக் கொடுத்துப் பார்த்தேன். பச்சை எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது. எஞ்சினைத் தொடக்கூட இல்லை, சக்கரம் அசையவில்லை. நாலு நொடியில் கத்த வேண்டிய பெட்டி நாற்பது நொடி ஆகியும் வாய் திறக்கவில்லை. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சக்கரத்தைக் கையால் ஒரு சாண் தள்ளினேன். பச்சை அணைந்தது, கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தியது. கையை எடுத்தேன். உள்ளே அமுங்கிய காற்று பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, சக்கரம் தானாகவே உருண்டு பழைய இடத்துக்கு வந்து நின்றது. காந்தம் சென்சாருக்கு நேர் எதிரே. சத்தம் நின்று பச்சை எரிந்தது.

வள்ளத்தின் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டாங்கில் காற்று இருந்தால் கம்ப்ரசர் சக்கரம் நினைத்த இடத்தில் நிற்காது. கடைசி அடியை அடிக்க முடியாமல் பின்வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். நிற்கிற சக்கரத்தில் நேர் பார்த்து ஒட்டிய காந்தம், சக்கரம் நிற்கும்போதெல்லாம் அதே நேருக்குத்தான் வரும். என் கார்டு ‘ஆம்’ வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தது. வந்து போகிறதா, வந்து நின்றே விட்டதா என்று பார்க்கவில்லை. நாங்கள் சோதித்த அன்று டாங்கு காலி. அதனால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு எங்கேயோ போய் நின்றது, பெட்டியும் கத்தியது.

எழுந்து எங்கள் வள்ளத்துக்குப் போனேன். அங்கேயும் அதுதான். தள்ளிவிட்டால் உருண்டு வந்து காந்தம் நேருக்கு நேர் நின்றது. பெல்ட் அறுந்த அன்று டாங்கு நிறையக் காற்று இருந்திருக்கும். பெட்டி கத்தியிருக்க வழியே இல்லை.

கரையிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து கட்டிலில் படுத்திருந்தார். அண்ணி உள்ளே இருந்தாள். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

“அண்ணே, அன்னைக்குப் பெட்டி கத்துச்சா?”

“ஏன் கேக்க?”

“கத்திருக்க முடியாது. அதான் கேக்கேன்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“கத்தல. பச்சையாத்தான் எரிஞ்சிச்சு.” ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். “விரலுக்குத்தானளா தெரியல. பல்லுக்குத் தெரியும்லா.”

விரல் மரத்த நாளிலிருந்தே அவர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். மற்ற வள்ளம் பக்கத்தில் வந்தால் கையில் எடுத்துக்கொள்வார், போனதும் திரும்பக் கடித்துக்கொள்வார். பெட்டி வந்த பிறகும் விடவில்லை. என் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். நம்பிக்கையெல்லாம் உண்டு, இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது என்றார். பிறகு ஏன் பெட்டி கத்தியது என்று ஊருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பல்லுல கடிச்சிருந்தேன்னு சொன்னா, ஏன் கையில பிடிக்கலன்னு கேப்பாங்கல்லா. நீயும் ரொம்ப நாளைக்கப்புறம் முகந்தெளிஞ்சு திரிஞ்ச. பெட்டிய சரி பண்ணிரு. எங் கதைய விட்டுரு.”

பெட்டியைச் சரிசெய்வது ஒரு வேலையே இல்லை. ‘ஆம்’ நிற்காமல் வந்தால் ஏமாறாதபடி, மாறி மாறி வந்தால் மட்டும் கடத்துகிற ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்தால் போதும். வயரில் ஏதோ கோளாறு என்று சொல்லி மூன்று பெட்டிகளையும் வாங்கி, ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து அந்த கெப்பாசிட்டரைத் தேடி எடுத்தும் வைத்தேன்.

ஆனால் பெட்டியைத்தான் சரிசெய்யலாம், கதையை எப்படிச் சரிசெய்வது? பெட்டி ஒரு உயிரைக் காப்பாற்றியது என்பதை நம்பித்தான் அந்த அண்ணாச்சி ஆளைக் குறைத்தார். நாளைக்கு என் கெப்பாசிட்டர் போகலாம், பேட்டரி போகலாம், ரெசின் விரிசல் விட்டு உப்பு இறங்கலாம். உப்பை எனக்குத் தெரியாதா? அன்றைக்கும் மேலே ஒருவன் குழாயை விட்டுவிட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பான். கீழே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் பத்து மணிக்கு மேல் போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் ஒருத்தி இருப்பாள், என் பெட்டியை நம்பித் தூங்குவாள். எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, அண்ணாச்சி மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

திங்கட்கிழமை விடிகாலை வீட்டுக்காரரோடு நானும் ஸ்கூட்டரில் போனேன். காது ஆறி அன்றுதான் அவர் முதல்முறையாகத் திரும்பக் கடலுக்கு இறங்குகிற நாள். எதற்கு வருகிறாய் என்று கேட்டார். பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

கரையில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியிடம் போய், பெட்டியில் கோளாறு இருக்கிறது, மூன்றையும் கழற்றிக் கொடுங்கள், குழாய்க்கு ஆளைத் திரும்பப் போடுங்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். உன் வீட்டுக்காரனைக் காப்பாற்றிய பெட்டி எங்களைக் காப்பாற்றாதா என்று கேட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் பத்தடி தள்ளிக் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

“பெட்டி காப்பாத்தல அண்ணாச்சி. அது சும்மா பச்சையா எரிஞ்சிட்டு இருந்துச்சு. எங்க அண்ணன் பல்லுதான் காப்பாத்துச்சு.”

சிரிப்பு நின்றது. பல்லா என்று யாரோ கேட்டார்கள். ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த முடியவில்லை. சக்கரம் நிற்கும் இடத்தைச் சொன்னேன், காந்தத்தைச் சொன்னேன், என் தப்பைச் சொன்னேன். அது அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. விரல் மரத்துப்போனதைச் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் தோளிலிருந்த சுருளை இறக்கி மணலில் வைத்தார்.

என் வீட்டுக்காரர் அவரிடம் நடந்து போனார். அண்ணனின் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரல் நுனியில் தன் நகத்தை வைத்து அழுத்தினார். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வலிக்கா மச்சான்?”

வீட்டுக்காரர் கையை விட்டார். அழுத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தது.

அன்று எங்கள் வள்ளம் போகவில்லை. அண்ணாச்சி மூன்று பெட்டியையும் கழற்றி என் ஸ்கூட்டர் காலடியில் வைக்கச் சொன்னார். நிறுத்தின ஆட்களைக் கூப்பிட்டனுப்பி, அவர்கள் வந்த பிறகுதான் வள்ளங்களை அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னது ஒரு வார்த்தைதான்.

“எம் மூச்ச நீங்க ரெண்டு பேருமா ஒளிச்சு வச்சு வெளாண்டிருக்கிய.”

நான் அந்த மூன்று பெட்டிகளையும் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

எங்கள் பெட்டியைத் திருத்தினேன். காந்தத்தைச் சக்கரத்தின் மறுபக்கம் மாற்றினேன், கெப்பாசிட்டரும் வைத்தேன். டாங்கு நிறையக் காற்றை வைத்து இருபது முறை பெல்ட்டைத் தட்டிவிட்டுப் பார்த்தோம், இருபது முறையும் கத்தியது. நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. இப்போது தினமும் இறங்குவதற்கு முன்னால் பெல்ட்டைத் தட்டிவிட்டு, அது கத்துவதைக் கேட்ட பிறகுதான் இறங்குகிறாராம். குழாய் பிடிக்கக் கூலிக்கு ஒருவர் வருகிறார். நல்ல ஆள்தான், நம் சொந்தம் இல்லை. பத்து மணிக்கு மேல் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குத் திரும்ப வந்துவிட்டது.

அண்ணன் ஒன்றரை மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணி இன்னும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் அண்ணன் வந்தார், வாசலில் செருப்பை விட்டுவிட்டு என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார். வள்ளம் போகிற நாளெல்லாம் இப்போது வருகிறார். அயனை அவர் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டர் கார்டுகளைப் பார்க்கிறேன். பத்து மணிக்குள் காப்பி குடித்துவிடுவார். அதற்குப் பிறகு கொடுத்தால் வேண்டாம் என்பார். வாய் சும்மா இல்லை.

தோளில் கிடக்கும் துண்டின் நுனியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்கிறார். தெரிந்து செய்கிறாரா தெரியாமல் செய்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் லாரி போனாலும், நான் எதையாவது கீழே போட்டாலும் தலை திரும்பாது. தாடை மட்டும் இறுகி இருக்கும். கரையிலிருந்து எங்கள் வீடு எவ்வளவு தூரம், கடலில் வள்ளம் எவ்வளவு தூரம், அந்தத் துண்டில் ஒரு துடிப்பும் வராது. மத்தியானம் வள்ளம் சிக்னலுக்குள் வந்ததும் வீட்டுக்காரரின் போன் வரும். அப்போதுதான் துண்டை வாயிலிருந்து எடுப்பார். நுனி நனைந்து, பல் பட்ட இடம் நைந்திருக்கும்.

“மாப்பிள்ளை ஏறிட்டானா?” என்று கேட்பார்.

ஏறிவிட்டார் என்பேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.